உப்புக்கு அசராத வேம்பு

வேப்பமரத்துக்குப் பூட்டு போட்டதை உலகத்தில் எங்கேயாவது கேட்டதுண்டா? வேங்கிக்கால் தாண்டி, உப்புப் பூத்து வெளுத்துக் கிடந்த ஆராயியின் அரை ஏக்கரில் அதுதான் நடந்தது. 2003இல் ஒரு கம்பெனி வந்தது. உப்பு மண்ணிலும் வளர்வதற்காக விதைக்குள்ளேயே எதையோ மாற்றிய வேம்பாம். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, அதை நட்டு, கம்பி வேலி போட்டுப் பூட்டி, ஆராயியையே காவலுக்கும் வைத்தார்கள். இலை, பூ எதுவும் வெளியே போகக் கூடாது.

மூன்று வருஷமாக அவளுக்குச் சந்தேகம்தான். "நல்ல மரம்னா பூட்டு எதுக்கு மேடம்? ஒரு கொழுந்து மென்னு காட்டுங்களேன், பார்ப்போம்" என்று கம்பெனியிலிருந்து ஆராய்ச்சிக்கு வரும் சிந்துஜாவைக் குடைவாள். சிந்துஜா சிரித்து மழுப்பிவிடுவாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே ஆராயிக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆட்டைக்கூட அந்தப் பக்கம் விடமாட்டாள்.

அப்படிப்பட்டவள், மகள் அன்புச்செல்விக்கு அம்மை வார்த்த அன்று என்ன செய்தாள் தெரியுமா? விடிந்ததும் பூட்டைத் திறந்து, கைகொள்ளாமல் கொத்து ஒடித்து வந்து, பாயில் பரப்பிப் பிள்ளையைப் படுக்க வைத்தாள். அம்மை என்றதும் கை தானாக வேம்புக்குப் போய்விட்டது. பாவி, யோசிக்கவே இல்லை.

மத்தியானம் பிள்ளையின் முதுகு தடித்துச் சிவந்திருந்தது. அம்மையா, இலையா? ஆராயி இலையை வாரி எறிந்துவிட்டு, அப்போதுதான் ஜீப்பை ஓட்டி வந்து இறங்கிய சிந்துஜாவிடம் ஓடி எல்லாவற்றையும் கொட்டினாள்.

"ஒண்ணும் ஆவாதுதானே மேடம்?"

"தெரியலக்கா. தோல்ல பட்டா என்ன ஆகும்னு நாங்க இன்னும் பார்க்கல." சிந்துஜா நோட்டைத் திறந்தாள். "எவ்ளோ நேரம் படுத்திருந்தா?"

"இன்னாத்துக்கு எழுதுற? எம்பொண்ணு இன்னா உன் சோதனை எலியா?"

அம்மை கண்ட பிள்ளையை வாசல் தாண்ட விடமாட்டார்கள். ஆராயி அதையும் பார்க்கவில்லை. மகளைத் தூக்கி வந்து ஜீப்பில் ஏறினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போ. மரத்துல இன்னா வெச்சீங்கன்னு டாக்டர்கிட்ட நீயே சொல்லு."

"அதை வெளிய சொல்லக் கூடாதுக்கா."

ஆராயி அவள் கையை இழுத்து, கொதிக்கும் அந்த முதுகில் வைத்து அழுத்தினாள். "இப்போ சொல்லு."

சிந்துஜாவின் முகம் வெளிறிவிட்டது. "சொல்றேன்க்கா" என்று வண்டியைக் கிளப்பினாள்.

ஆராயி நம்பவில்லை. சிந்துஜாவின் துப்பட்டாவைப் பிடித்த பிடியை டாக்டர் முன்னால் போய் நிற்கும் வரைக்கும் விடவில்லை.