வண்டுக்காரர் வீட்டுத் துக்கம்

அப்பா படுத்திருந்த கட்டிலின் ஓரத்தில் கண்ணாடித் தட்டை வைத்து, மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு வண்டின் காலையும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள் மகள்.

"இன்னிக்காவது அந்தக் கருமத்த விட்டுத் தொலைக்கக்கூடாதா?" என்று அண்ணன் பல்லைக் கடித்தான். "வர்றவங்க என்ன நெனப்பாங்க?"

"என்னமோ நெனச்சுட்டுப் போகட்டும். முடிவு பாக்கவேண்டிய நாள் இன்னிக்கு. அப்பாவா எந்திரிச்சு வந்து பாக்கப்போறாரு?"

தெருவில் அப்பாவுக்கு வண்டுக்காரர் என்றுதான் பெயர். வியாபாரிகளின் பயறு மூட்டைகளைக் காக்கும் கிடங்கு வைத்திருந்தார். மற்றவர்கள் விஷ மாத்திரை போட்டு வண்டைக் கொன்றபோது, தின்கிற பொருளில் விஷமா என்று இவர் மட்டும் செடி எண்ணெய்களோடு மல்லுக்கட்டினார். தைல மர எண்ணெய் வண்டை விரட்டியது; கூடவே பயறு வாங்கியவர்களையும் விரட்டியது. வேகும்போதே மூட்டுவலிக்காரர் அறை மாதிரி வீடு மணந்தால் யார் தின்பார்கள்? கடைசியில் கிராம்பு எண்ணெய்க்கு வந்து நின்றார். முந்தாநாள் அந்த எண்ணெய்ப் புட்டி கைதவறிக் கூடத்திலேயே உடைந்துவிட்டது. அதனால் இன்று, அவரைக் கண்டாலே ஆகாதவர்கள்கூட உள்ளே நுழைந்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தாரை தாரையாகக் கண்ணீர் விட்டார்கள். அப்பாவுக்கு இவ்வளவு மரியாதையா என்று அண்ணன் பூரித்துப்போனான்.

பெரிய வியாபாரி வந்தார். "ஒரு வண்டு பொழச்சாலும் என் மூட்டையெல்லாம் மாத்திரை போடுற கிடங்குக்குப் போயிடும்" என்று அப்பாவிடம் அடித்துச் சொல்லியிருந்தவர். அவர் மூட்டை போனால் கிடங்கே போன மாதிரிதான். சரி என்று தலையாட்டி, கிராம்பு எண்ணெய் தடவிய பயறில் வண்டுகளை விட்டு வைத்த மனிதர், முடிவைப் பார்க்காமலே நேற்றுப் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே ஒரு தடவையாவது அப்பா ஜெயிக்கட்டும் என்று மகள் வேண்டிக்கொண்டாள்.

வியாபாரி ஒரு கண்ணால் அப்பாவையும் மறு கண்ணால் தட்டையும் பார்த்தார். "எல்லாம் மல்லாந்து கெடக்கே. செத்துடுச்சா?"

"அவசரப்படாதீங்க. இதுங்க செத்த மாதிரி நடிக்கும். தொட்டுட்டுக் கொஞ்சம் காத்திருந்து பாக்கணும்னு அப்பா சொல்லுவாரு."

துக்கத்துக்கு வந்த கூட்டம் மொத்தமும் அப்பாவை மறந்துவிட்டுத் தட்டின் மேல் கவிழ்ந்தது. ஒரு வண்டு காலை நீட்டியது. புரண்டது, எழுந்தது, ஒன்றுமே நடக்காததுபோல நடையைக் கட்டியது.

"ஐயோ!" அதை நசுக்கப் பாய்ந்தது மகளின் விரல்.

அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆயுசு முழுக்க வண்டையும் எண்ணெயையும் ஒரே வாயால் சபித்தவள்.

"விடுடி. இன்னிக்கு இந்த வீட்டுல ஒரு சாவு போதும்."

"மத்ததெல்லாம் செத்துத்தானேம்மா கெடக்கு?" என்றான் அண்ணன்.

"நீ வாய மூடுடா."

வியாபாரி கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். மகளை நேராகப் பார்க்கவில்லை.

"இந்த நெடியில எனக்கு ஒண்ணுமே கண்ணு தெரியலம்மா. மூட்டையெல்லாம் உங்க கிடங்குலயே கெடக்கட்டும்."

வண்டு தட்டின் விளிம்பைத் தாண்டி வெள்ளைத் துணியில் இறங்கி, அப்பாவின் கை பக்கமாக ஊர்ந்தது. யாரும் தட்டிவிடவில்லை.