வெங்காயத்தோல் நிறச் சேலை

"மடிச்சது மடிச்சபடியே அவ கையில குடுத்துட்டு வா, அவ்வளவுதான்..."

"அவ்வளவுதானா? தீபாவளிக்கு முந்தின நாளு ஒருத்தி ஆசையாக் குடுத்ததை..."

"ஆசையா! கூட்டுறவளுக்குப் போடுற பழைய சேலை, பூவம்மா. அதுகூடவா உனக்கு..."

"மெல்லப் பேசுங்க. பக்கத்துல தங்கம் வீட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்லா! டாக்யார்ட் கேட்டுல அத்தனை பேருக்கும் கேட்டாச்சு!"

சேதுபதி இன்னும் சப்பாத்தைக் கழற்றவில்லை. கப்பல் பட்டறையில் வேலை விட்டு வரும்போது, போன மாதம் இதே வரிசையின் கடைசி வீட்டுக்குக் குடிவந்த கிளார்க் விஸ்வலிங்கம் சைக்கிளை நிறுத்தி, கூட வந்த ஆட்கள் கேட்கவே சொல்லியிருக்கிறார்: "உங்கட மனுசி அந்தக் கொட்டகையை நல்லாக் கழுவுறா. ஒரு சீலை குடுக்கச் சொன்னனான்." நல்ல மனதோடுதான் சொன்னார். அவர் போனபிறகு ஒருத்தன், "சேது, சம்சாரத்துக்கு எப்பப்பா வேலை கிடைச்சுச்சு? டீ வாங்கிக் குடுக்கவேயில்லையே," என்றானாம். செம்பவாங் சாலை முழுக்க அந்தச் சிரிப்பு இவர் பின்னாலேயே வந்திருக்கிறது.

கொட்டகை என்றால் குவார்ட்டர்ஸ் வரிசைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட துணி துவைக்கும் இடம். பூவம்மா குடிவந்த புதிதில் அங்கே பாசி பச்சைக் கம்பளம் மாதிரி படர்ந்து கிடந்தது. பிள்ளைத்தாச்சியாக இருந்த தங்கம் வாளியோடு சறுக்கி விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை வரிசைப் பெண்கள் எல்லாருமே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். ஒரே கும்மாளம். மறுவாரம் பாதிப் பேர். அப்புறம் ஒருத்திக்குத் தலைவலி, ஒருத்தி வீட்டில் விருந்தாளி, ஒருத்தி பிள்ளைக்குக் காய்ச்சல். தேங்காய் நாரும் ஈர்க்குமாறும் பூவம்மா வீட்டுக் கதவுக்குப் பின்னால் வந்து தங்கிவிட்டன. இப்போதெல்லாம் தங்கமே ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "என்னக்கா, இந்த வாரம் கொட்டகைப் பக்கமே காணோம்? காலு வழுக்குது," என்று குறை சொல்கிறாள்.

முழங்கால் வலி தொடங்கி நாளாகிவிட்டது. ஒரு வாரம் விட்டுவிட்டால் என்ன என்று ஒவ்வொரு வாரமும் நினைப்பாள். ஆனால் தேய்த்து முடித்து வெறுங்காலோடு நின்றால், சிமெண்டு சொரசொரவென்று உள்ளங்காலைப் பிடித்துக்கொள்ளும். மழைக்காலத்தில்கூட யாரும் விழவில்லை. சாயங்காலம் பெண்கள் அங்கேயே உட்கார்ந்து கதை பேசினார்கள். யாரும் நன்றி சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள், இன்று மத்தியானம் வரைக்கும். விஸ்வலிங்கத்தின் மனைவி இராசேஸ்வரி வந்து, வெங்காயத்தோல் நிறத்தில் ஒரு பட்டுச்சேலையை இரண்டு கையாலும் நீட்டியபோது, துடைத்த கையையே பூவம்மா இன்னொரு முறை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கரையோரம் ஒரு சின்னக் கிழிசல், தெரியாத மாதிரி இழையோட்டித் தைத்திருந்தது. கூட்டுறவள் என்று நினைத்துத்தான் கொடுக்கிறாள் என்பது பூவம்மாவுக்கு அப்போதே புரிந்தது. புரிந்தும் வாங்கிக்கொண்டாள்.

"குடுக்கும்போது வாயைத் திறந்து சொல்லு," என்றார் சேதுபதி. "நாங்க கூட்டுற சாதி இல்லன்னு சொல்லிட்டுக் குடு."

பூவம்மா அவரையே பார்த்தாள்.

"எங்கப்பா ஃபேரர் பார்க் சந்துல என்ன பண்ணிக்கிட்டிருந்தாருங்க?"

அவர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். சாத்திவிட்டு அங்கேயே நின்றார்.

"அதனாலதான் சொல்றேன்," என்றார். குரல் சுத்தமாக இறங்கிவிட்டது. "எங்கண்ணன்களுக்கே மளிகைக்கடைக்காரர் பொண்ணுன்னுதான் சொல்லி வச்சிருக்கேன். உன்னை இதுவரைக்கும் யாராச்சும் ஒரு சொல்லு சொல்ல விட்டிருக்கேனா? நீயா ஈர்க்குமாறைத் தூக்கிக்கிட்டுப் போய் நின்னா நான் எத்தனை பேரு வாயை மூடுறது?"

அது பொய்யில்லை. தெரிந்துதான் கட்டினார், ஊருக்குத் தெரியாமல் வைத்துத்தான் காப்பாற்றினார். அவருக்கும் அலுத்துப்போயிருக்கும். அண்ணன்கள் நாளைக்கு விருந்துக்கு வருகிறார்கள். பூவம்மா சேலையைக் கையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

கொட்டகையைத் தாண்டித்தான் கடைசி வீட்டுக்குப் போகவேண்டும். யாரோ சோப்பு நுரையை அலசிவிடாமல் போயிருந்தார்கள். கை தன்பாட்டுக்கு வாளியைத் தேடியது. சேலை இருந்ததால் பேசாமல் நடந்தாள். நாங்க கூட்டுற சாதி இல்ல. நாலே சொல். மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். சொல்லும்போதெல்லாம் அப்பா காக்கிச் சட்டையும் கையில் ஈர்க்குமாறுமாக எதிரே வந்து, பேசாமல் ஒதுங்கி வழிவிட்டார்.

இராசேஸ்வரி முறுக்கு மாவு ஒட்டிய கையோடு கதவைத் திறந்தாள். முகம் மலர்ந்தது.

"அக்காவோ! உள்ளுக்கு வாங்கோ, ஏன் வெளியில நிக்கிறியள்? முறுக்கு சுடச்சுட இருக்கு."

பூவம்மா படியிலேயே நின்றாள். சேலை முழங்கையில் வழுவழுவென்று நழுவியது. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தாள். உள்ளிருந்து எண்ணெய் தீய்கிற வாசனை வந்தது. இராசேஸ்வரி அடுப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அவள் முகத்தையும் சேலையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏனக்கா, சீலை பிடிக்கேல்லையோ?"