அலமாரிக் கதவின் உட்புறம்

பெயிண்டர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். மனைவி வேலைக்குப் போயிருந்த நேரத்தில் சமையலறை அலமாரிக் கதவை உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்து, உள்ளும் புறமும் இரண்டு கோட்டிங் வெள்ளை அடித்து வைத்திருந்தார். ஊரார் வீடெல்லாம் பளபளக்க, சொந்த வீடு மட்டும் அழுக்கேறிக் கிடக்கிறதே என்று அவருக்கு வெகுநாள் உறுத்தல்.

ஓட்டல் சலவைப் பிரிவிலிருந்து திரும்பியவள் கதவைத் திறந்து பார்த்தாள். கைப்பையோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"உள்பக்கம் பென்சில்ல எழுதியிருந்தேனே?"

"அதுவா? பாப்பா சின்ன வயசுல கிறுக்கினதுன்னு நினைச்சேன்."

"என் எழுத்து கிறுக்கலா? கல்யாணத்துக்கு முன்னாடி முத்து முத்தா இருக்குன்னீங்க!"

மூன்று வருடமாகச் சேர்த்த குறிப்பு அது. எந்த மாதம் எந்தக் காய் மலியும், பெரிய கடையில் எந்த வாரம் எதற்குத் தள்ளுபடி போடுவார்கள் என்று பொடி எழுத்தில் கதவு முழுக்க எழுதியிருந்தாள். அதன்படி மொத்தமாக வாங்கிப் போட்டதில் மிஞ்சிய பணம், ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட்டின் கூலிக்கு ஈடாக வந்தது. போன மாதம்தான் அந்த ஷிஃப்ட்டை விட்டாள். நான்கு ஞாயிறுகள் விடிந்ததே தெரியாமல் தூங்கியிருக்கிறாள். மனம் மாறினால் திங்கட்கிழமைக்குள் சொல்லும்படி மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார்.

"மனசுல இருக்குமே?" என்றார் பெயிண்டர் மெல்ல.

"மனசுல நின்னா எதுக்குக் கதவுல எழுதறேன்? பழையபடி ஞாயித்துக்கிழமையும் போக வேண்டியதுதான்."

அவர் தூரிகையைத் தண்ணீரில் அலசினார். அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"அம்மா, வறுத்த பட்டாணி நான் பல் பிடுங்கின வாரம் வாங்கினது" என்றாள் கூடத்தில் படித்துக்கொண்டிருந்த மகள். "நீங்க ரெண்டு பேரும் மொறுக்கு மொறுக்குன்னு தின்னீங்க. எனக்குக் கஞ்சி."

தாய் நிமிர்ந்தாள். "பரீட்சை முடிஞ்ச மறுநாள்தானே பல் பிடுங்கினோம். அப்போ ஏப்ரல் முதல் வாரம்."

மகள் பழைய நோட்டை எடுத்து எழுதினாள். பெயிண்டருக்கும் தெம்பு வந்தது.

"தக்காளி பிப்ரவரி. பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சப்ப தினமும் டிபன் டப்பாவைத் திறந்தா தக்காளி. பசங்க எனக்குத் தக்காளி மேஸ்திரின்னே பேர் வச்சுட்டாங்க. அதுக்கு முந்தின வருஷம் டாக்டர் வீட்டு வேலையிலயும் அதே தக்காளி, அதே பிப்ரவரி."

சர்க்கரையும் சோப்பும் சண்டை போட்டுக்கொண்டே நினைவுக்கு வந்தன. எண்ணெயில்தான் மூவரும் திணறினார்கள். வருடத்தில் பெரிய மிச்சமே அதில்தான்.

"இரு" என்றார் பெயிண்டர். "போன வருஷம் முதல் மழையில மாடி ஒழுகி நான் தார் பூசினேன்ல? கையைத் துடைக்க எண்ணெய் கேட்டதுக்கு, தள்ளுபடி வர்ற வரைக்கும் சொட்டுக்கூடக் கிடையாதுன்னு மண்ணெண்ணெயை நீட்டினியே!"

"ஆமா! மறுநாள் காலையிலயே வாங்கினோம். கடையில உங்க கையைப் பார்த்து ஒதுங்கி நின்னாங்க. ஜூன் ரெண்டாவது சனி."

மகள் கைப்பேசியைப் பார்த்தாள். "நாளைக்கே ரெண்டாவது சனி!"

மறுநாள் கடை திறக்கும் முன்பே மூவரும் வாசலில் நின்றார்கள். இரண்டு பேர் ஏணியில் ஏறி, சுருட்டிய பேனரை மெல்ல அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் எண்ணெய் டின்னின் மூடி தெரிந்தது. அப்புறம் கைப்பிடி.

"போதும் போதும், தெரிஞ்சுடுச்சு!" என்றாள் அவள், ஏணியில் நின்றவர்களைப் பார்த்து. அவர்கள் விழித்தார்கள்.

அங்கேயே நின்று மேற்பார்வையாளரை அழைத்தாள். "சார், ஞாயித்துக்கிழமைக்கு வேற ஆளைப் போட்டுக்கோங்க. இல்ல சார், உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

பெயிண்டர் இரண்டு கைகளிலும் டின்களைத் தூக்கினார். "இன்னும் ரெண்டு எடுக்கவா?"

"எடுங்க. இன்னிக்கு எதையாவது பொரிச்சே ஆகணும்."