வெட்டி எறிந்த இருமல்

மூன்று மணிக்குப் பெட்டியை மூடிவிடுவார்கள். பிரின்ஸி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு லெப்டொப்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். கூடத்தில் அப்பா ஹெர்பர்ட், கையில் செபமாலையோடு பெட்டிக்குள் படுத்திருந்தார்.

“கெடச்சிச்சா புள்ள?” அம்மா மரிய கொறற்றி எட்டிப் பார்த்தாள். “மூடுறதுக்கு முன்ன ஒருக்கா அவர் சத்தத்த கேக்கணும்.”

மாத்தளை பஸ் ஸ்டாண்டில் முப்பது வருசம் தொண்டை கிழியக் கூவிய கண்டக்டர் அவர். வேலை முடிந்து வந்து வீட்டுக் கேற்றடியில் அவர் இருமும் சத்தம் கேட்டாலே போதும், அம்மா சுடுதண்ணியோடு வாசலில் நிற்பாள்.

கொழும்பில் கணினி இசை செய்யும் பிரின்ஸி போன நத்தார் பண்டிகைக்கு வந்து, “பஸ் ஸ்டாண்ட்ல கூப்பிடுற மாதிரியே கூப்பிடுங்கப்பா” என்று மைக்கை நீட்டியதும் மனுசனுக்குத் தலைகால் புரியவில்லை. சவரம் செய்து, சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். அவர் கூவிய ‘நாவுல’ என்ற ஒரேயொரு ஊர்ப்பெயரை அவள் ஏழு நிமிசத்துக்கு இழுத்தாள், நூறு குரலாக்கினாள். கொழும்பில் அதைக் கேட்டவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்த மிதப்பில் மூலப் பதிவை அழித்தும்விட்டாள், அறிவுகெட்டவள். அப்பா எங்கே போய்விடப் போகிறார் என்ற நினைப்பு.

வேறு வழியில்லாமல் அந்த ஏழு நிமிசத்தைப் போட்டாள். அம்மா கண்ணை மூடிக் கேட்டாள்.

“நல்லாத்தான் இருக்கு புள்ள. ஆனா இது அவர் இல்லியே.”

வெளியே கோயில் ஆட்கள் வந்துவிட்டார்கள். கடைசியாக ‘குப்பை’ என்று பெயர் வைத்திருந்த கோப்புறை கண்ணில் பட்டது. கூவலைச் சுத்தமாக்க வெட்டி எறிந்த துண்டுகள். அழிக்க மறந்திருந்தாள். அமுக்கினாள்.

தொண்டையைச் செருமும் சத்தம். “ரெக்கோட் ஆகுதா புள்ள? அந்த ஃபேன நிப்பாட்டு, சத்தம் விழும்.” பிறகு இருமல். விடாத, நீண்ட இருமல்.

பிரின்ஸி திரும்பிப் பார்த்தபோது அம்மாவைக் காணோம். அழத்தான் போயிருக்கிறாள் என்று நினைத்துக் கூடத்துக்கு ஓடினாள்.

பக்கத்து வீட்டார் கொண்டுவந்து வைத்த ஃபிளாஸ்கைச் சரித்து, அம்மா கோப்பையில் சுடுதண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். பெட்டிவரைக்கும் வந்தாள். அங்கே வந்த பிறகுதான் கையில் இருந்த கோப்பையைக் கவனித்தாள்.

பிறகு சேலைத் தலைப்பால் கோப்பையை மூடி, அவர் தலைமாட்டில் மெதுவாக வைத்தாள்.