கப்பலும் தோட்டமும்

மனைவியின் இரண்டு கண் ஆபரேஷனுக்கும் சேர்த்து நாற்பதாயிரம் என்றார் டாக்டர். பிளைவுட் கடைக்காரர் முப்பத்திரண்டுக்குக் கேட்டுப் பார்த்தார். டாக்டர் சிரித்தார், இவர் சிரிக்கவில்லை. எழுந்து நடந்தால் பின்னாலேயே கூப்பிடுவார்கள் என்பது அவருடைய தொழில் அனுபவம். மனைவியைக் கூட்டிக்கொண்டு எழுந்து நடந்தார். யாரும் கூப்பிடவில்லை. அது போன வருஷம்.

இப்போது சாப்பாட்டு மேஜையின் ஒரு முனையில் அவர், மறுமுனையில் மனைவியின் தம்பி. நாலு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கொண்டுவருகிறார்கள். கூடத்தில் இடம் வேண்டும். மேஜையை நகர்த்துமுன், மனைவி துண்டு துண்டாகப் படம் சேர்த்து வைத்திருந்த ஜிக்சா பலகையை அதன்மேலிருந்து தூக்கியாக வேண்டும்.

"பலகை ஆறு எம்எம்தான் மச்சான், நடுவுல வளையும். அடியில கை குடு."

"அக்காவுக்குக் கடையிலேருந்து நல்ல பலகையா குடுக்க மனசு வரலையா அத்தான்?"

"மூலை உடைஞ்ச ஷீட்டு. வேற யார் வாங்குவா?"

பதில் பழக்கத்தில் தானாக வந்துவிட்டது. தம்பி சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டான்.

காலையில், மாடிப்படியின் கடைசி மூன்று படிகள். "சறுக்கிட்டா" என்று எல்லாரிடமும் இவர்தான் சொன்னார். படி ஈரமாகக்கூட இல்லை.

பலகையைப் படுக்கையறைக் கட்டிலில் இறக்கினார்கள். ஒரு துண்டும் உதிரவில்லை. போன் அடித்தது. மகள், ரயிலிலிருந்து.

"அப்பா, அம்மா கடைசியா சேர்த்த படத்தைக் கலைச்சிடாதீங்க. நான் பிரேம் போட்டு எடுத்துட்டுப் போறேன்."

"சரிம்மா."

ஞாயிறு தவறாமல் கண் ஆபரேஷன் என்னாச்சு என்று கேட்பவள் அவள். "உங்கம்மாவுக்கா? ஐநூறு துண்டு ஜிக்சாவை அசால்ட்டா சேர்க்கறா. ஆபரேஷன் எனக்குத்தான் பண்ணணும்" என்பார் இவர். பக்கத்திலிருந்து மனைவியும் சிரிப்பாள். "ஒவ்வொண்ணும் டக்குனு போய் உட்காரும் பாரு, அதுலயே எனக்குப் பாதி தலைவலி போயிடும்" என்பாள்.

போனை வைத்துவிட்டு, முதல்முறையாகப் படத்தைப் பார்த்தார்.

கப்பலின் பாய்க்கு நடுவில் ரோஜா. கடலில் புல். வானத்தில், தோட்டக்காரனின் ஒற்றைக் கால்.

கப்பல் ஒன்று, தோட்டம் ஒன்று, இரண்டு பெட்டியாக எடுத்தால் மலிவு என்று அவரே வாங்கி வந்தவை. ஒரே அச்சில் வெட்டியவை. இதில் பொருந்துவது அதிலும் பொருந்தும். எப்போது கலந்தனவோ. விளிம்புகளைக் கட்டைவிரலால் தடவித் தடவியே எல்லாவற்றையும் உட்கார வைத்திருக்கிறாள். எங்கும் இடைவெளி இல்லை.

"என்ன படம் அத்தான்?" கூடத்திலிருந்து தம்பி.

"கப்பல்" என்று கதவைச் சாத்தினார்.

கலைக்க ஒரு நொடி போதும். கை தவறிடுச்சும்மா என்றால் மகள் நம்புவாள். அவர் வாய்க்கு விற்காத சரக்கு கிடையாது. பலகையின் ஓரத்தைப் பிடித்தார். பிடித்தபடியே, கடையில் ஸ்டாக் எடுப்பதுபோல, மேல் வரிசையிலிருந்து எண்ணத் தொடங்கினார்.

வெளியே வண்டி வந்து நின்றது. நாற்காலிகள் இழுபட்டன. யாரோ அழுதார்கள். தம்பி கதவைத் தட்டினான்.

"ஒரு நிமிஷம்" என்றார். இரண்டாம் முறை தட்டியபோதும் அதையேதான் சொன்னார்.

கதவைத் திறந்தது மகள். அழுது முடித்த முகம், தோளில் இன்னும் இறக்காத பை. கட்டிலருகே வந்தாள். படத்தைப் பார்த்தாள். ரோஜாவின்மேல் விரலை வைத்து, கண்ணை மூடி, அதன் விளிம்பைச் சுற்றித் தடவினாள்.

"எத்தனை நாளாப்பா?"

அவர் கடைசி வரிசையில் இருந்தார். எண்ணி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"கப்பல் இருநூத்தி எண்பத்தேழு" என்றார். "தோட்டம் இருநூத்திப் பதிமூணு. மொத்தம் ஐநூறு. ஒண்ணும் குறையலம்மா."