பொனட்டுக்குள் ஒன்பது பைகள்

ஜெயராணிக்குச் சேலை விற்கத் தெரியும். வெள்ளவத்தைக் காலி வீதியில் அவள் கடைக்கு வந்து வெறுங்கையோடு திரும்பிய பெண்கள் உண்டென்றால், அவர்கள் பணப்பையை வீட்டில் மறந்து வந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் பதினான்கு வருடம் ஓடிய தன் காரை மட்டும் அவளால் விற்க முடியவில்லை. இரண்டு பேர் வந்தார்கள். வெளியே பார்த்துத் தலையாட்டினார்கள், உள்ளே ஏறி உட்கார்ந்து திருப்திப்பட்டார்கள். பொனட்டைத் திறந்ததும் "யோசிச்சுச் சொல்றம்" என்று போனவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். எண்ணெயும் புழுதியும் ஏறி, இஞ்சின் கருகிப்போன சட்டி மாதிரி இருந்தது.

சனிக்கிழமை கடைக்குப் புது வான் வருகிறது. அவள் குடியிருக்கும் தொடர்மாடியில் வீட்டுக்கு ஒரு தரிப்பிடம்தான். கார் போனால்தான் வானுக்கு இடம், இல்லாவிட்டால் அதைத் துணிமூட்டைகளோடு தெருவில் விட்டுவிட்டு விடிய விடிய ஜன்னலால் எட்டிப் பார்க்க வேண்டும். மிஞ்சியிருந்தது ஒரேயொரு ஆள். கொட்டாஞ்சேனையில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் மஷூர், வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

வியாழன் மாலை, தெமட்டகொடையில் கராஜ் வைத்திருக்கும் ஹபீஸுக்குப் போன் எடுத்தாள்.

"கழுவ வேணாம் அக்கா. ஈரத் துணியால தொடச்சி விடுங்க, போதும்."

"தூசி பிடிச்ச சேலையை விரிச்சுக் காட்டி விக்கேலுமோ தம்பி?"

"சேலைக்குள்ள கரண்ட் ஓடுதா அக்கா?"

அவள் விடவில்லை. பத்து நிமிடப் பேரத்துக்குப் பிறகு ஹபீஸ் இறங்கி வந்தான். இஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட வேண்டும், ஒல்டர்நேட்டர், பியூஸ் பெட்டி, காரின் மூளையான கொம்பியூட்டர், வயர் இணைப்புகள் எல்லாவற்றையும் பொலித்தீன் பையால் மூடிக் கட்ட வேண்டும் என்றான். அழுக்குக் கரைக்கும் மருந்தைத் தூரிகையால் தேய்த்து, பூவாளித் தண்ணீரால் மெல்ல அலசிவிட்டு, ஒட்டத் துடைத்துக் காயவிட வேண்டுமாம்.

"குழாயைப் புடிச்சி அடிச்சீங்கண்டா எனக்குக் கோல் பண்ணாதீங்க" என்று முடித்தான்.

வெள்ளி காலை ஆறு மணிக்குக் கணவனும் மனைவியும் கீழே இறங்கினார்கள். சாந்தகுமார் வங்கியில் வேலை செய்கிறவர். தேநீருக்குச் சீனி போடுவதற்குக்கூட இரண்டு கையெழுத்துக் கேட்கக்கூடிய மனிதர். ஜெயராணி கடைப் பைகளில் ஒன்பதை எண்ணிக் கொடுத்தாள். அவர் கட்டினார், அவள் தேய்த்தாள், அவர் பூவாளியைப் பிடித்தார். துணி, பிறகு மின்விசிறி, கடைசியாக அவளுடைய தலைமயிர் உலர்த்தி. ஒன்பது பைகளையும் கழற்றி எண்ணி வாங்கிக்கொண்டாள். இஞ்சின், சேலைக்கடை வாசலில் நிற்கிற பொம்மை மாதிரிப் பளபளத்தது.

ஒன்பதரைக்குப் பற்றரி வயரைத் திரும்பப் பூட்டிவிட்டுச் சாவியைத் திருகினாள்.

கிர்ர்... கிர்ர்... கிர்ர்...

சுற்றுகிறது, பற்றவில்லை. இன்னொரு முறை. அதே கிர்ர். ஜெயராணிக்குச் சந்தேகமே இல்லை. கொம்பியூட்டருக்குள் தண்ணீர் போய்விட்டது. ஊத்தையாக இருந்தாலும் ஓடிய காரைக் குளிப்பாட்டியே கொன்றுவிட்டாள். ஹபீஸுக்கு நான்கு தடவை போன் அடித்தாள், அவன் எடுக்கவில்லை. சாந்தகுமார் தூணோடு ஒட்டி நின்று தரையைப் பார்த்தார்.

பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே மஷூர் வந்துவிட்டார். விற்கிறவன் ஆயத்தமாவதற்கு முன்னால் போய் நிற்பது நல்ல வியாபாரியின் பழக்கம்.

"என்ன தங்கச்சி, இஞ்சின் புது மாப்பிள்ள மாதிரி ஈக்கி! எங்க, ஸ்டார்ட் பண்ணுங்க பாப்பம்."

"ஐயோ மஷூர் நானா, இப்ப ராகுகாலம். எங்கட ஆக்கள் சாவியிலயே கை வைக்க மாட்டினம்" என்றாள், வாயில் வந்ததை.

மஷூர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழம ராகுகாலம் பத்தரைக்குத்தானே தொடங்குற? கொட்டாஞ்சேனையில முப்பது வருசமா உங்கட ஆக்களோட யாவாரம் பண்றேன் தங்கச்சி. எந்த நாள் எத்தின மணிக்கு ஒருத்தரும் சல்லி எடுக்க மாட்டாங்கண்டு உங்களவிட எனக்கு நல்லாத் தெரியும்."

இருபது வருட வியாபாரத்தில் முதல் தடவையாக ஜெயராணி தன் சரக்கின் குறையைத் தானே சொன்னாள்.

"ஸ்டார்ட் ஆகுதில்ல நானா" என்றாள். "நான்தான் கழுவினனான். கரண்ட் சாமானுக்குள்ள தண்ணி போயிட்டுது போல."

மஷூர் கோபப்படவில்லை. சாவியைத் திருகச் சொல்லிவிட்டுக் காதைச் சாய்த்தார்.

"கரண்ட் நல்லா ஈக்கி. சுத்துற சத்தத்தப் பாருங்க. மூச்சுத்தான் எடுக்க முடியாமக் கெடக்கு."

தூணடியில் ஒரு செருமல் கேட்டது.

"ராணி... நான் இன்னொண்டு கட்டினனான்."

"என்னது?"

"காத்துப் போற வாயில. தண்ணி போயிடுமெண்டு பயமாக் கிடந்தது. சொன்னா ஏசுவீரெண்டு சொல்லேல்ல. பிறகு மறந்துபோனன்."

ஹெட்லைட்டுக்குப் பின்னால் கையை விட்டு அவர் இழுத்தார். மீன் வாங்கி வந்த நீலச் சிலிசிலிப் பொலித்தீன் பை, குழாய்க்குள் உறிஞ்சப்பட்டுச் சுருங்கி வெளியே வந்தது. சாவியைத் திருகினாள். கார் ஒருமுறை இருமி, உடனே உறுமியது. ஜெயராணி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"உண்மையச் செல்லப்போனா, கழுவின இஞ்சினக் கண்டா எனக்குப் பயம்" என்றார் மஷூர். "ஒயில் ஒழுகுறத மறைக்கத்தான் நெறயப் பேரு கழுவுற." கீழே பத்திரிகைத் தாளை விரித்துக் கால் மணி நேரம் ஓடவிட்டார். தாளில் ஒரு சொட்டும் இல்லை. நிமிர்ந்து ஒரு விலை சொன்னார்.

"ஓம் நானா. சரி" என்றாள் ஜெயராணி.

மஷூரின் முகம் மாறியது. தாளை இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். வெள்ளவத்தைச் சேலைக்கடைக்காரி முதல் விலைக்கே ஓம் என்கிறாளா? காரில் பெரிய கோளாறு எதுவும் இல்லாமலா?

"என்ன தங்கச்சி, வேற கோளாறு ஏதும் ஈக்கா?"

ஆறுதலில் தொழிலையே மறந்துவிட்டது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சட்டென்று நிமிர்ந்தாள்.

"என்ன நானா, உங்கட முகத்துக்காகச் சொன்னா உண்மையெண்டு நினைச்சிட்டீங்களே! இந்த விலைக்கு ரயர் நாலும்கூட வராது. அம்பதாயிரம் கூட்டித் தாங்கோ."

மஷூர் பெருமூச்சு விட்டார். முகம் தெளிந்துவிட்டது. "அப்பிடி வெலயச் செல்லுங்க! சரி, இருபத்தஞ்சாயிரம். ஜும்ஆத் தொழுகைக்குப் போக வேணும், இழுக்காதீங்க."

கையெழுத்துகள் முடிந்து கார் கேற்றைத் தாண்டியது. சாந்தகுமார் ஏச்சு வாங்கத் தயாராக, பூவாளியை மார்போடு அணைத்தபடி நின்றார். ஜெயராணி அவர் பக்கம் திரும்பவேயில்லை. வெறுமையான தரிப்பிடத்தின் நடுவில் போய் நின்று, இரண்டு கைகளையும் விரித்து, வான் கதவு திறக்க இடம் போதுமா என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"வான் வடிவா நிக்கும்" என்றாள். "வாருங்கோ, தேத்தண்ணி குடிப்பம்."