நாளைய சந்தைக்கு

நாளைக் காலையில் மனைவியைச் சந்தைக்குக் கூட்டிப்போவதென்று தையற்காரர் முடிவு கட்டியிருந்தார். படுத்த படுக்கையான பிறகு அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான்.

“வெயில் ஏறதுக்குள்ள கிளம்பிடலாம். முதல்ல மீன் பக்கம் போவோம்,” என்றார்.

“மீனைத் தூக்கிட்டு சந்தை பூரா சுத்துங்க, பூனையெல்லாம் ஊர்வலமா பின்னால வரும்,” என்று அவள் மூச்சு வாங்கச் சிரித்தாள். “மீனைக் கடைசியா வாங்கணும். வெண்டைக்காயை நுனி ஒடிச்சுப் பாருங்க. கடைக்கோடில கூரையில்லாம ஒரு கீரைக்காரம்மா உக்காந்திருப்பாங்க. கீரை வாடியிருந்தாலும் அவங்ககிட்டயே வாங்குங்க. வித்து முடிஞ்சாத்தான் பாவம், நிழலுக்குப் போவாங்க.”

“நீதான் கூட வர்றியே, அப்புறம் எனக்கு எதுக்கு இந்தப் பாடம்?”

“எழுந்து உக்காரவே முடியலீங்க. இனிமே நீங்கதான் தனியா போகணும். அதான் இப்பவே சொல்லி வைக்கிறேன்.”

தையற்காரர் எழுந்து வெளியே வந்தார். வாசலில் பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர், நாளைக்கு அவள் சாய்ந்துகொள்ளத் தன் வீட்டுத் தலையணைகளைக் கொண்டுவந்து பின்சீட்டில் கட்டிக்கொண்டிருந்தார். கடவுளின் இரக்கம் இப்படிப்பட்ட கைகள் வழியாகத்தான் வருகிறது. அந்தக் கைகளிடம் போய் வேண்டாமென்று சொல்லத் தையற்காரருக்கு வாய் வரவில்லை. அவரும் குனிந்து கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.